பொக்லைன் வாங்கலாமா, வாடகையே போதுமா?

கட்டுமான வேலையில் ஓரளவு காலூன்றியதும் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. மாதாமாதம் இவ்வளவு வாடகை கொடுக்கிறோமே, அதையே தவணையாகக் கட்டினால் வண்டி நமக்குச் சொந்தமாகிவிடுமே என்று தோன்றும். நான் மண்வேலை, அஸ்திவாரம், வடிகால், சிறு சாலை என்று எடுத்துச் செய்கிறவன். பல வருடம் எல்லா வண்டியையும் வாடகைக்கே ஓட்டினேன். பிறகு ஒரு 20 டன் பொக்லைன் வாங்கினேன், டயருக்குப் பதில் சங்கிலிப் பட்டையான டிராக்கில் நகர்ந்து மண் தோண்டும் பெரிய வண்டி அது. ஒரு வீல் லோடரை லீசுக்கு எடுத்திருக்கிறேன். ரோலரும் கிரேனும் இன்றைக்கும் வாடகைதான். மூன்று வழியிலும் பணம் எப்படிப் போகிறது, எங்கே மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டேன். வாங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வாடகை பில்லையும் மாதத் தவணையையும் அருகருகே வைத்துப் பார்த்து முடிவெடுப்பவர்கள் அதிகம். அது போதாது. வாடகை வேலை இருந்தால்தான் வரும். தவணை வேலை இல்லாவிட்டாலும் தேதி தவறாமல் வரும். மழை பெய்து குழியில் தண்ணீர் நின்றாலும், அனுமதி வராமல் வேலை தொங்கினாலும், போன பில்லுக்கே பணம் வராமல் இழுத்தடித்தாலும் தவணை நிற்காது. வண்டி சும்மா நிற்கும் நாளின் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. வாடகைக்கு விடுகிறவர் அதைச் சுமக்கிறார், அதற்காகத்தான் மணிக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறார். நாம் வாங்கினால் அந்தச் சுமை நம் தலைக்கு வருகிறது. நிற்கும் நாள் குறைவாக இருந்தால் அவர் வாங்கிய அந்தக் கூடுதல் பணம் நமக்கு மிஞ்சும். அதிகமாக இருந்தால் வாடகைக்கே எடுத்திருக்கலாம்.

எண்களில் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். எங்கே இருப்பவருக்கும் பொருந்த வேண்டும் என்பதால் பணமாகச் சொல்லாமல் பங்காகச் சொல்கிறேன். வண்டி விலை 100 பங்கு. 5 வருடம் வைத்திருந்து விற்றால் 40 பங்கு திரும்பக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 60, அதாவது வருடத்துக்கு 12. இந்தக் காலத்தில் வண்டியில் முடங்கிக் கிடக்கும் பணம் சராசரியாக 70 பங்கு. அதற்கு 10 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 7. இன்சூரன்ஸ், வரி, நிறுத்தும் இடம், காவல் எல்லாம் சேர்த்து 3. ஆக, சாவியைத் திருப்பாமலே வருடத்துக்கு 22 பங்கு போய்விடுகிறது. சர்வீஸ், ரிப்பேர், தேய்மானப் பாகங்கள் ஓடினால்தான் வரும். அதை 100 மணி நேரத்துக்கு 1 பங்கு என்று வைப்போம். டீசலும் ஆபரேட்டர் சம்பளமும் எப்படி எடுத்தாலும் உண்டு என்பதால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இதே வண்டி, டீசலும் ஆபரேட்டரும் சேர்க்காமல், 100 மணி நேரத்துக்கு 3 பங்கு வாடகைக்குக் கிடைக்கிறது என்றால் இரண்டும் சமமாகும் இடம் வருடத்துக்கு 1,100 மணி நேரம். 22 பங்கு 1,100 மணிக்குப் பரவினால் 100 மணிக்கு 2 பங்கு, ரிப்பேர் 1 பங்கு, கூட்டினால் 3. அதுவே 2,000 மணி நேரம் ஓட்டினால் சொந்த வண்டிக்கு 100 மணிக்கு 2.1 பங்குதான் ஆகும். 600 மணி நேரமே ஓட்டினால் ஏறக்குறைய 4.7 பங்கு. நாளுக்கு 8 மணி, வருடத்துக்கு 250 நாள் என்று வைத்தால் 2,000 மணி நேரம். அதில் 1,100 என்பது 55 சதவீதம். 60, 70 சதவீதம் ஓட்டமிருந்தால் வாங்கு என்று தொழிலில் அனுபவப்பட்டவர்கள் சொல்வதும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. வட்டியும் வாடகையும் மறுவிலையும் உங்களுக்கு வேறாக இருக்கும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், கணக்குப் போடும் முறை இதுவேதான்.

ஒன்றைக் கவனியுங்கள். நாள் வாடகையை மாதத்துக்குப் பெருக்கி, "பார், வாங்குவதே லாபம்" என்று காட்டும் கணக்கை விற்பனைக்காரர்கள் கொண்டுவருவார்கள். நாள் வாடகையைவிட வார வாடகை மலிவு, அதைவிட மாத வாடகை மலிவு. நீங்கள் எந்தக் கால அளவுக்கு எடுப்பீர்களோ அந்த வாடகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்தக் கணக்கில் மற்ற எண்களை எல்லாம் நாலு போன் போட்டுக் கேட்டுவிடலாம். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத எண் ஒன்றுதான்: நாம் உண்மையில் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறோம் என்பது. அதற்கு மனக்கணக்கு உதவாது. மும்முரமாக வேலை நடந்த மாதம் நினைவில் நிற்கும், வெறுமனே போன மாதம் மறந்துபோகும். வாங்குவதற்கு முந்தைய வருடம் முழுக்க, வாடகைக்கு வந்த ஒவ்வொரு வண்டியிலும் எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரையும் காலையிலும் மாலையிலும் போட்டோ எடுத்து நோட்டில் ஏற்றிவந்தேன். எந்த சைட், என்ன வேலை, மீட்டர் எவ்வளவு ஓடியது, அதில் சும்மா உறுமிக்கொண்டு நின்றது எவ்வளவு. முன்னால் அள்ளி, பின்னால் தோண்டும் டயர் வண்டியான ஜேசிபி தினமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் அதுதான் அதிகம் ஓடுகிறது என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கூட்டிப் பார்த்தால் பொக்லைனின் மணி நேரம் அதை நன்றாகவே தாண்டியிருந்தது. ஜேசிபி ஒரு சைட்டில் ஒரு மணி, இன்னொரு சைட்டில் அரை மணி என்று துண்டு துண்டாகத்தான் ஓடியிருக்கிறது. எதை வாங்குவது என்ற முடிவு அந்த நோட்டிலிருந்துதான் வந்தது.

அந்த நோட்டு இன்னொன்றையும் காட்டியது. மீட்டர் ஓடுவதெல்லாம் வேலை இல்லை. 20 டன் பொக்லைனின் பக்கெட் ஏறத்தாழ 1 கன மீட்டர். ஒரு சுற்றுக்கு 20 வினாடி என்றால், 12 பக்கெட் போட்டு ஒரு டிப்பரை நிரப்ப 4 நிமிடம் போதும். டிப்பர் போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப 26 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். இரண்டே டிப்பர் இருந்தால், அரை மணி நேரத்தில் பொக்லைன் அள்ளுவது 8 நிமிடம், மீதி 22 நிமிடம் நின்று உறுமுவதுதான். அங்கே சொந்தப் பொக்லைன் இருந்தாலும் வாடகைப் பொக்லைன் இருந்தாலும் நஷ்டம் ஒன்றே. கூட இரண்டு டிப்பர் விட்டாலே மண் எடுக்கும் செலவு இறங்கிவிடும். வண்டி வாங்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது டிப்பர் எத்தனை விடுகிறீர்கள் என்றுதான். சும்மா உறுமும் நேரம் டீசலை மட்டும் தின்பதில்லை. மீட்டர் அப்போதும் ஓடுகிறது, அதனால் சர்வீஸ் தேதி முன்னால் வருகிறது, வாரண்டி மணி கரைகிறது, விற்கும்போது வாங்க வருகிறவர் அந்த எண்ணைப் பார்த்தே விலையைக் குறைக்கிறார். இப்போது வரும் பெரும்பாலான வண்டிகளில் டெலிமேட்டிக்ஸ் இருக்கிறது. வேலை நேரம், சும்மா நின்ற நேரம் இரண்டையும் போனிலேயே பிரித்துக் காட்டும். வாடகை வண்டியாக இருந்தாலும் அந்த விவரத்தைக் கேட்டு வாங்கலாம்.

கணக்கு வாங்கச் சொன்ன பிறகும் நான் உடனே வாங்கவில்லை. தவணை எவ்வளவு வருமோ அந்தத் தொகையை ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் தனிக் கணக்கில் போட்டுவந்தேன். வேலை மந்தமாகும் மழைக்காலமும் அதற்குள் வரும்படி பார்த்துக்கொண்டேன். வாடகையும் கொடுத்து, அந்தத் தொகையையும் ஒதுக்கி, ஆள் கூலியும் தவறாமல் கொடுக்க முடிகிறதா என்று பார்க்கும் ஒத்திகை அது. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. முடிந்தால், சேர்ந்த பணம் டவுன் பேமெண்டுக்கு ஆகும். முடியாவிட்டால், வங்கிக்குக் கையெழுத்துப் போடும் முன்பே அது தெரிந்துவிடும். கம்பி, சிமெண்ட், கூலி என்று சுழன்றுகொண்டிருக்கும் பணத்தை எடுத்து டவுன் பேமெண்ட் கட்டியவர்கள், லாபமான வேலை கையில் இருக்கும்போதே அதை நடத்தப் பணமில்லாமல் திணறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வண்டி புதுசாக நிற்கும், கான்கிரீட் போடப் பணம் இருக்காது. வாங்கிய பிறகும் மூன்று தவணைத் தொகை எப்போதும் தனியாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அதில் எந்தக் காரணத்துக்கும் கை வைப்பதில்லை.

வாங்கியபின் வரும் இன்னொரு அழுத்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வண்டி நிற்கிறதே என்ற பதற்றத்தில் கட்டுப்படியாகாத வேலையையும் எடுக்க ஆரம்பிப்போம். நமக்குப் பழக்கமில்லாத வேலை, தொலைவான சைட், பணம் தராமல் இழுப்பார் என்று தெரிந்த ஆள், எல்லாவற்றுக்கும் "வண்டியாவது ஓடட்டும்" என்று தலையாட்டத் தோன்றும். எந்த வேலையை எடுப்பது என்பதை அதன்பின் வண்டிதான் முடிவு செய்யும். டீசல், ஆபரேட்டர், 100 மணிக்கான அந்த 1 பங்குத் தேய்மானம், இவற்றைத் தாண்டி மிஞ்சாத வேலைக்கு வண்டியை அனுப்புவதைவிட நிறுத்தி வைப்பது மேல். நின்றால் 22 பங்கு மட்டும்தான் போகும். தப்பான வேலைக்குப் போனால் வண்டியும் தேயும்.

சொந்த வண்டியில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வாடகை மிச்சம் அல்ல, ஆபரேட்டர்தான். ஒரே ஆள், ஒரே வண்டி என்று இருக்கும்போது அவருக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் தெரியும். ஒருநாள் மதியம் வேலையை நிறுத்திவிட்டு வந்து, "அண்ணே, ஸ்விங் பண்ணி நிறுத்தும்போது கடக்குன்னு ஒரு சத்தம் வருது, நேத்து இல்ல. கொஞ்சம் வந்து கேளுங்க" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மெக்கானிக் வந்து பார்த்ததில், வண்டியின் மேல்பாதி சுழல உதவும் ஸ்விங் பேரிங்கின் போல்ட்டுகளில் சில தளர்ந்திருந்தன. அரை நாள் வேலையில் சரியாயிற்று. அப்படியே ஓட்டியிருந்தால் போல்ட் முறிந்து பேரிங்கே போயிருக்கும், வண்டியின் மேல்பாதியைக் கழற்ற வேண்டிய வேலை அது. தினமும் காலையில் பக்கெட்டின் மூட்டுகளில் இருக்கும் இரும்புப் பின்களில் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை புதுக் கிரீஸ் அடித்துவிட்டுத்தான் அவர் சாவியைத் தொடுவார். நல்ல சம்பளம் கொடுத்து அவரைத் தக்கவைப்பதை நான் ரிப்பேர் செலவைக் குறைக்கும் வழியாகத்தான் பார்க்கிறேன். அப்படி ஒருவர் கிடைக்காத நிலையில் வண்டி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

பராமரிப்பைத் தாங்க முடியுமா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். வண்டியைப் பொறுத்து எஞ்சின் ஆயில் 250 அல்லது 500 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். ஹைட்ராலிக் ஆயில் வண்டிக்கும் ஆயிலின் தரத்துக்கும் ஏற்ப 2,000 மணியிலிருந்து 5,000 மணிவரை போகும். டிராக் வண்டியில் பணத்தை விழுங்குவது அண்டர்கேரேஜ். செயின், ரோலர், ஐட்லர், ஸ்ப்ராக்கெட், எல்லாம் சேர்த்து மொத்தப் பராமரிப்புச் செலவில் பாதிவரை அதற்கே போகலாம். பாறைத் தரையில் ஓடினால் சீக்கிரம் தேயும். ஒரே பக்கமாகத் திருப்பித் திருப்பி ஓட்டினாலும் தேயும். நீண்ட தூரம் டிராக்கில் நடத்திக்கொண்டு போனாலும் தேயும். இந்தச் செலவு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வராது, வரும்போது மொத்தமாக வரும். ஓடும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையை இதற்கென்று எடுத்து வைக்கிறவர்தான் அதைச் சமாளிக்கிறார். வண்டியின் பிராண்டைவிட, பாகம் எத்தனை மணி நேரத்தில் கைக்கு வரும், மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் நான் மாடலைத் தேர்ந்தேன். நல்ல வண்டிதான், ஆனால் ஒரு சென்சாருக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்றால் அந்த இரண்டு வாரமும் வாடகைக்கு வேறு வண்டி எடுத்தாக வேண்டும். அந்தச் செலவும் சொந்த வண்டியின் கணக்கில்தான் ஏறும்.

இனி வாடகைப் பக்கம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து வாடகை மலிவாகவும் ஆகும், வாங்குவதைவிட அதிகமாகவும் ஆகும். பல ஒப்பந்தங்களில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40, 4 வாரத்துக்கு 160 என்று உச்சவரம்பு இருக்கும். தாண்டினால் மணிக்கு இவ்வளவு என்று சேரும். "மாத வாடகை" என்று பேசியிருப்பார்கள், பில் 4 வாரத்துக்கு ஒன்று வரும். வருடத்துக்கு 52 வாரம் என்பதால் அது 13 பில், 12 அல்ல. பேசும்போதே காலண்டர் மாதமா, 28 நாளா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னும் சில இடங்களில் உச்சவரம்புக்குப் பதிலாக மினிமம் மணி நேரம் இருக்கும், ஓடாவிட்டாலும் அத்தனை மணிக்குக் கொடுத்தாக வேண்டும். மழை நாளுக்கு அந்த மினிமம் உண்டா இல்லையா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

வாடகை எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது முடிகிறது என்பதில்தான் சண்டை அதிகம். ஒரு வாடகை நிறுவனம், வேலை முடிந்துவிட்டது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன பிறகும் டிரெய்லர் அனுப்பாமல் இழுத்து, அந்த நாட்களுக்கும் சேர்த்து எங்களுக்குப் பில் போட்டது. முடிந்த தேதியில் மீட்டர் போட்டோவோடு நான் அனுப்பியிருந்த செய்தியை எடுத்துக் காட்டினேன். கூடுதல் தொகையை நீக்கித் திருத்திய பில் வந்தது. போனில் மட்டும் சொல்லியிருந்தால் நிரூபிக்க வழியே இருந்திருக்காது. வண்டி இறங்கியதும் நான்கு பக்கமும், கண்ணாடி, டயர் அல்லது டிராக், பக்கெட் பற்கள், சிலிண்டர் ராடு, ஹோஸ்கள், மீட்டர் எல்லாவற்றையும் ஒரே வீடியோவில் எடுத்துவிட வேண்டும். திருப்பி அனுப்பும்போதும் அப்படியே. சிலிண்டர் ராடில் இருக்கும் கீறலை நாம்தான் போட்டோம் என்று சொன்னால் அந்த வீடியோதான் பதில் சொல்லும்.

இன்னும் நான்கு விஷயம் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பேன். வண்டி பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரி செய்வார்கள் அல்லது மாற்று வண்டி தருவார்கள், அதுவரை வாடகை நிற்குமா. பக்கெட் பல், டயர் வெடிப்பு, ஹோஸ் வெடிப்பு யார் செலவு. பிரேக்கர் மாட்டலாமா, பாறை உடைக்கும் பிரேக்கரின் அதிர்வு மூட்டுப் பின், அதைச் சுற்றியுள்ள புஷ், வண்டியின் பெரிய கையான பூம் எல்லாவற்றையும் தின்னும் என்பதால் பலர் அதற்குத் தனி வாடகை கேட்பார்கள், சிலர் அனுமதிக்கவே மாட்டார்கள். கடைசியாக இன்சூரன்ஸ். "டேமேஜ் வேவர்" என்று ஒரு தொகையைப் பில்லில் சேர்ப்பார்கள். அது இன்சூரன்ஸ் அல்ல. வண்டிக்கு வரும் சில சேதங்களுக்கு உங்களிடம் பணம் கேட்கமாட்டோம் என்று அவர்கள் தரும் வாக்கு மட்டும்தான். வண்டி மோதி இன்னொருவர் சுவர் இடிந்தாலோ, ஆளுக்கு அடிபட்டாலோ அதில் ஒன்றும் வராது.

டிரெய்லர் வாடகையை மறந்துவிடாதீர்கள். ஒரே நாள் வேலைக்குத் தொலைவிலிருந்து பொக்லைனை வரவழைத்தால், போக வர டிரெய்லர் செலவே அந்த நாள் வாடகையை எட்டிவிடும். சொந்த வண்டிக்கும் அதே டிரெய்லர்தான் வேண்டும். சைட்டுகள் சிதறிக் கிடந்தால், ஒவ்வொரு சைட்டுக்கும் அருகில் கிடைக்கும் வாடகை வண்டியே மலிவு. எனக்குப் பொக்லைன் கட்டுப்படியானதற்கு ஒரு காரணம், என் சைட்டுகள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது.

லீஸ் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ளது என்று சொல்வார்கள். அதிலும் இரண்டு வகை உண்டு. ஃபைனான்ஸ் லீஸ் என்பது பெரும்பாலும் வேறு பெயரில் வாங்குவதுதான். பெரும்பகுதி விலையைக் கட்டி முடித்து, கடைசியில் ஒரு தொகை கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆப்பரேட்டிங் லீசில் காலம் முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், மறுவிலை என்ன ஆனாலும் அது அவர்கள் கவலை. நான் வீல் லோடரை அப்படித்தான் எடுத்தேன். அந்த லோடருக்கு ஒரே வேலை, கான்கிரீட் பிளாண்டில் ஜல்லியும் மணலும் அள்ளிப் போடுவது. பிளாண்ட் ஒப்பந்தம் எத்தனை வருடமோ லீசும் அத்தனை வருடம். வேலை முடிந்தபின் அந்த வண்டிக்கு என்னிடம் இடமில்லை. தினமும் எத்தனை மணி ஓடும் என்பது முன்கூட்டியே தெரியும். இப்படி வேலையின் காலமும் லீசின் காலமும் பொருந்துகிற இடத்தில்தான் லீஸ் நன்றாக வேலை செய்கிறது. வேலை பாதியில் நின்றுபோனால் லீஸ் நிற்காது. நடுவில் முறித்தால் மீதித் தவணைகளில் பெரும்பகுதியைக் கேட்பார்கள், அதனால் அந்தப் பத்தியை முதலில் படிக்க வேண்டும். வருடத்துக்கு இத்தனை மணிதான் என்று வரம்பு இருக்கும், தாண்டினால் கூடுதல் கட்டணம். திருப்பிக் கொடுக்கும்போது டயர் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும், டிராக் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருப்பார்கள். கடைசி வருடத்தில் அதற்கென்று பணம் ஒதுக்காதவர்களுக்கு அந்த பில் பெரிதாக வரும்.

லீஸ் எடுத்தால் கடனாகக் கணக்கில் காட்ட வேண்டாம் என்று இன்னமும் சொல்லி விற்கிறார்கள். ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற கணக்கியல் தரம் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், அதைப் பின்பற்றும் நிறுவனங்கள் 12 மாதத்துக்கு மேற்பட்ட லீஸ்களைப் பெரும்பாலும் பேலன்ஸ் ஷீட்டிலேயே கடன் பொறுப்பாகக் காட்டியாக வேண்டும். அந்தத் தரம் பொருந்தாத சிறு நிறுவனமாக இருந்தாலும், வங்கி கடன் கொடுக்கும் முன் மாதாமாதம் என்னென்ன கட்ட வேண்டியிருக்கிறது என்றுதான் பார்க்கும். அதில் லீசும் சேரும். வரி விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். வாங்கினால் தேய்மானமும் வட்டியும் செலவாகக் கழியலாம், வாடகையாக இருந்தால் வாடகைத் தொகை கழியலாம். ஆடிட்டரிடம் உட்கார்ந்து இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆனால் வருடக் கடைசியில் வரி மிச்சம் என்பதற்காக மட்டும் வாங்கப்பட்ட வண்டி பிறகு நின்றே கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மிச்சமாவது செலவில் ஒரு பகுதிதான், முழுச் செலவும் நம்முடையது.

எல்லா வண்டிக்கும் ஒரே முடிவு வராது. வைப்ரேட்டர், கட்டர், பிளேட் காம்பாக்டர், சிறு பம்பு போன்றவற்றை யோசிக்காமல் வாங்கிவிடலாம். போய் எடுத்துவரும் நேரமே வாடகையைவிட அதிகம், கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வைப்ரேட்டர் நின்றால் கூடவே ஒரு ஸ்பேர் இருக்க வேண்டும். ரோலரை நான் வாங்காததற்குக் காரணம், சாலை வேலையில் கடைசிச் சில நாட்கள்தான் அது வேண்டும், ஒவ்வொரு அடுக்குக்கும் வேறு எடை, வேறு வகை. கிரேன் வேறு கதை. எடையும் எட்டமும் ஒவ்வொரு தூக்குக்கும் மாறும், பரிசோதனைச் சான்றிதழ் காலாவதியாகாமல் பார்க்க வேண்டும், ஆபரேட்டர், சுமையைக் கட்டி மாட்டும் ரிக்கர் இருவரும் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். தினமும் தூக்குவதையே தொழிலாகக் கொண்டவரிடம் ஆட்களோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பதுதான் உயிருக்கும் பாதுகாப்பு. இதில் செலவைப் பார்க்கவே கூடாது என்பது என் எண்ணம்.

புகை விதிகளும் முடிவை மாற்றும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்டேஜ் 5 விதிகள் 2019 முதல் புது எஞ்சின்களுக்கு வந்தன. மற்ற நாடுகளும் தங்கள் விதிகளைப் படிப்படியாக இறுக்கி வருகின்றன. பெரிய வேலை தருகிறவர்கள் பழைய எஞ்சின் வண்டியை சைட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்று டெண்டரில் எழுதத் தொடங்கினால், சொந்த வண்டியின் மறுவிலை அன்றே இறங்கிவிடும். நீங்கள் இருக்கும் இடத்தில் அடுத்த விதி எப்போது வருகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். மாற்றம் அருகில் இருந்தால் ஒரு வருடம் வாடகையில் ஓட்டுவது நல்லது.

வருடத்துக்கு 700, 800 மணி நேரம் ஓட்டமிருந்து, புதிது கட்டுப்படியாகாது என்கிற நிலையில் இருப்பவர்களுக்குப் பழைய வண்டி நல்ல வழி. விலை பாதியாக இருந்தால் அந்த 22 பங்கும் பெருமளவு இறங்கும், ரிப்பேர்ப் பங்கு ஏறும். பார்த்து வாங்க வேண்டும். மீட்டர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பெடல் ரப்பர், சீட், ஜாய்ஸ்டிக் பிடி தேய்ந்திருக்கும் அளவும் மீட்டரும் ஒத்துப்போக வேண்டும். பக்கெட்டைத் தரையில் அழுத்தி வைத்து, பூமை மெல்லத் தூக்கச் சொல்லிவிட்டு, பக்கெட் பின் அருகே குனிந்து பாருங்கள். பக்கெட் அசைவதற்கு முன் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு துள்ளல் தெரியும். லேசாக இருந்தால் சரி, கண்ணுக்கு இடைவெளியே தெரிகிறது என்றால் வேலை இருக்கிறது. பக்கெட் நிறைய மண்ணோடு பூமைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நேராக ஓட்டச் சொல்லுங்கள், ஒரு பக்கம் இழுத்தால் டிராவல் மோட்டாரிலோ பம்பிலோ கோளாறு இருக்கலாம். ஸ்ப்ராக்கெட் பற்கள் கூராகி வளைந்திருந்தால் அண்டர்கேரேஜ் செலவு வாசலில் நிற்கிறது. வண்டி சூடானபின் எஞ்சின் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். அதில் சிலிக்கான் அதிகமிருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது, சோடியம் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், இரும்பும் தாமிரமும் ஏறியிருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று சீரியல் எண்ணை வைத்து விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முடிவு எடுக்க முடியாமல் நடுவில் நிற்பவர்கள், வாடகைக்கு எடுத்துப் பிறகு வாங்கும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். கட்டிய வாடகையில் ஒரு பகுதியை விலையில் கழித்துக்கொள்வார்கள். வாடகை சற்றுக் கூடுதலாக இருக்கும், ஆனால் அந்த வண்டியின் ஓட்டம் என்ன, தொந்தரவு என்ன என்று சில மாதத்தில் தெரிந்துவிடும். எவ்வளவு சதவீதம் கழிப்பார்கள், எத்தனை மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், கழித்தபின் விலை என்ன என்ற மூன்றையும் முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்.

வாங்கிய வண்டியை எப்போது விற்பது என்பதும் வாங்கும் அன்றே யோசிக்க வேண்டிய விஷயம். என் பொக்லைனுக்கு ஒவ்வொரு வருடமும் ஒருமுறை அதே கணக்கைப் போடுகிறேன்: இன்று விற்றால் என்ன கிடைக்கும், அடுத்த வருடம் விற்றால் என்ன கிடைக்கும், நடுவில் என்ன ரிப்பேர் வரப்போகிறது, அடுத்த வருடத்துக்குக் கையில் உறுதியான மணி நேரம் எத்தனை. அண்டர்கேரேஜை டீலர் ஆள் வந்து அளந்து, எத்தனை சதவீதம் மிச்சம் என்று எழுதிக் கொடுக்கிறார். சர்வீஸ் பில்களும் ஆயில் ரிப்போர்ட்டுகளும் ஒரே ஃபைலில் இருக்கின்றன, வாங்க வருகிறவர் கேட்கும் முதல் பொருள் அதுதான். இந்த முறை அளந்ததில் செயின் இன்னும் ஒரு வருட ஓட்டத்துக்குத் தாங்கும் என்று வந்திருக்கிறது. அடுத்த வருடத்துக்கான வேலையில் 1,100 மணி நேரத்துக்குக் குறையாமல் கையெழுத்தாகிவிட்டால் புதுச் செயின் போட்டு வைத்துக்கொள்வேன். இல்லையென்றால் செயினுக்குச் செலவு செய்யும் முன் விற்றுவிட்டு, கொஞ்ச காலம் மறுபடி வாடகைக்கே ஓட்டுவேன்.